ஜெபித்துச் சொல்கிறோம்

ஜூன் 9

அன்புள்ள தங்கச்சிக்கு அக்கா எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். லாரியில் ஏற்றிய சாமானில் பீரோவின் கண்ணாடி மட்டும் போய்விட்டது. உன் அத்தான் அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னார். கண்ணாடி உடைந்ததற்கு எதற்கு ஸ்தோத்திரம் என்று கேட்டேன். "முகம் பாக்கற வயசா நமக்கு" என்கிறார். அவருக்கு வேண்டாம் என்றால் போகட்டும், எனக்கு வேண்டும். பேத்தி பிறந்துவிட்டால் தலை வாரக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

வீடு பஸ் டிப்போவின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. விடியும் முன்பே பஸ் கழுவுகிற சத்தம் ஆரம்பித்துவிடும். துவைத்த துணியில் டீசல் வாசம் அடிக்கிறது. முன்னறை பெரிது, கூட்டம் நடத்தலாம். பின்னால் இரண்டு அறை. ஜன்னல் இருக்கிற அறையை உங்களுக்கு விட்டுவிட்டு, சுவரைப் பார்த்த அறையில் நாங்கள் படுத்துக்கொள்கிறோம். உனக்கு இரைப்பு இருக்கிறது, காற்று வேண்டும்.

சீக்கிரம் வாருங்கள். ஒரே நாளில் பாய்லர் ரூமிலிருந்து உன் அத்தான், உன் வீட்டுக்காரர் இரண்டு ஆளும் எழுந்து போனால் சோப்புக் கம்பெனியே நின்றுவிடும் என்றுதானே, போர்மேனாக இருந்த இவர் முதலில் ராஜினாமா கொடுத்தார். தம்பி ஒரு மாதம் கழித்துக் கொடுப்பதாகப் பேச்சு. இரண்டு சகலைகளும் முழங்காலில் நின்று, இந்த ஊருக்கு வந்து ஜெபவீடு தொடங்க அழைப்பு வந்துவிட்டது என்று அழுதார்களே. நீயும் நானும் அடுப்படியில் நின்று கேட்டோமே. அந்த ஒரு மாதம் முடிந்துவிட்டது. என்ன தேதி என்று எழுது. நான் டிப்போவுக்கே வந்து நிற்கிறேன்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், தம்பியிடம் வாசித்துக் காட்டாதே. நான் அழைப்பை நம்பி மட்டும் வரவில்லை, உன்னை நம்பியும் வந்தேன். அடுத்த தெருவில் இருந்த பேத்தியை, நான் ஊட்டினால்தான் சாப்பிடுவாள் என்றிருந்த பிள்ளையை, அவள் அம்மா கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவள் இல்லாவிட்டாலும் நீயாவது பக்கத்தில் இருப்பாய் என்ற தைரியம்தான். அதனால் தாமதிக்காதே.

அக்கா

•

ஜூன் 24

பிரியமான அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்தது. ஜன்னல் அறை எங்களுக்கு என்று எழுதியிருந்ததை வாசித்து மனம் நிறைந்தது.

தேதி இன்னும் குறிக்கவில்லை. இவர் அதைப் பற்றி மிகவும் பாரத்தோடு ஜெபிக்கிறார். தேவ சமாதானம் பூரணமாகக் கிடைக்கட்டும் என்று இருக்கிறோம். நாம் ஒன்று நினைத்து அவசரப்பட்டு, அவருடைய நேரத்துக்கு முன்னால் ஓடிவிடக் கூடாது அல்லவா. காத்திருப்பவர்கள் வெட்கப்பட்டுப் போவதில்லை என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்.

பேத்தியைப் போன ஞாயிறு ஆலயத்தில் பார்த்தேன். மூன்று சக்கர சைக்கிள் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். உயரம் கொஞ்சம் கூடியிருக்கிறது.

அத்தானுக்கு எங்கள் ஸ்தோத்திரம் சொல். ஜெபித்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
தங்கச்சி

•

ஜூலை 20

தங்கச்சிக்கு,

ஜெபித்துச் சொல்கிறோம் என்று எழுதியிருக்கிறாய். சரி. எத்தனை நாள் ஜெபித்துச் சொல்வீர்கள்? நாம் பெண் கேட்டு வந்தவர்களை அனுப்பும்போது அப்படிச் சொல்வோமே, அந்த மாதிரி காதில் விழுகிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்கு இந்தப் பாரமும் பூரணமும் வேண்டாம். வருகிறோம் என்றால் வருகிறோம். அடுத்த மாதம் என்றால் அடுத்த மாதம்.

இங்கே கூட்டம் தொடங்கிவிட்டது. கூட்டம் என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, நாற்காலியில்தான் கூட்டம் இருக்கிறது. முதல் ஞாயிறு நான், உன் அத்தான், வீட்டுக்காரரின் வயதான அண்ணன். அந்த அண்ணனுக்குக் காது கேட்காது, மின்விசிறிக்காக வருகிறார். பாட்டுக்கு நான் ஒரே ஆள். தம்பி தபேலா வாசிப்பார், நீ இரண்டாவது குரல் எடுப்பாய் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒற்றைக் குரலில் பாடினால் யாரையோ திட்டுகிற மாதிரி இருக்கிறது.

இப்போது பஸ் கழுவுகிற பெண்கள் சிலர் வருகிறார்கள். அவர்கள் பாட்டுக்கு வந்தவர்கள் இல்லை. பிள்ளைகளை டிப்போவில் டயர்களுக்கு நடுவில் விட்டுவிட்டுக் கழுவுவதைச் சுவருக்கு மேலே பார்த்தேன். ஒரு டிரைவர் பிள்ளைகள் இருந்த பக்கமே ரிவர்ஸ் எடுத்தான். பிள்ளைகளை இங்கே விடுங்கள் என்று சுவர் வழியாகக் கத்தினேன். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "எதுக்கு, மதம் மாத்தவா?" என்றாள். "இல்ல, மூக்கு தொடைக்க" என்றேன். மறுநாள் அவள் மகனைக் கொண்டுவந்து விட்டாள். அவளைப் பூட்ஸ்காரி என்றுதான் கூப்பிடுகிறேன். கோபிப்பதில்லை.

உன் அத்தானைத்தான் எனக்குப் புரியவில்லை. நீங்கள் வராதது பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. "தம்பி எப்போ வருவாரு?" என்று கேட்டால், "காத்திருப்போம், காத்திருக்கிறதுதான் விசுவாசம்" என்கிறார். காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, முன்னறையில் உட்கார்ந்து வேதம் வாசிக்கிறார். பாய்லர் மீட்டரில் முள் ஏறுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாரே, அதே இருப்பு. ஆனால் இங்கே முள் இல்லை.

பேத்தி உயரம் கூடியிருக்கிறாள் என்றாயே, எவ்வளவு? உன் இடுப்பு வரை வருவாளா?

அக்கா

•

ஆகஸ்ட் 5

பிரியமான அக்காவுக்கு,

உன் கடிதத்தில் இருந்த கோபம் புரிகிறது. காத்திருப்பதும் ஒரு ஊழியம்தான் அக்கா. நாம் ஒன்றும் செய்யாத நேரத்தில்தான் அவர் அதிகம் செய்கிறார். உன் விசுவாசத்தைப் பார்த்து நாங்கள் பெலப்படுகிறோம் என்று இவர் சொல்லச் சொன்னார்.

கம்பெனியில் இப்போது வேலை கூடுதல். வீட்டுக்கு வந்தால் பேசக்கூட முடியாமல் படுத்துவிடுகிறார்.

பேத்தி என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறாள்.

ஜெபத்தில் நினைத்துக்கொள்.

தங்கச்சி

•

செப்டம்பர் 2

இந்தத் தடவை அன்புள்ள என்று போட எனக்குக் கை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். மொத்தக் கடை வாசலில் நம்முடைய சோப்புக் கம்பெனி லாரி நிற்கிறது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி அந்தப் பச்சை லாரியைத் தொட்டுப் பார்த்தேன். நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வந்த அதே டிரைவர்தான்.

"என்னம்மா, இந்த ஊர்லயா இருக்கீங்க?"

"ஊழியத்துக்கு வந்துட்டோம்ப்பா."

"போர்மேன் ஒண்ணும் சொல்லலியே."

"எங்க வீட்டுக்காரரா? அவர்தான் இங்க இருக்காரே."

"அவர் பழைய போர்மேன். நான் இப்ப இருக்கறவரைச் சொல்றேன். உங்க தங்கச்சி வீட்டுக்காரரு."

நான் கையில் இருந்த பையைக் கீழே வைத்தேன். தம்பி இந்நேரம் ராஜினாமா கொடுத்திருப்பாரே என்றேன். டிரைவர் நல்ல மனுஷன், விஷயம் தெரியாமல் பேசிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்துவிட்டது. லாரிக் கதவைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே, "ராஜினாமாவா? அவரா? அய்யாவை வழியனுப்பின அந்த வாரமே மேனேஜர் கூப்பிட்டு உக்கார வச்சாரும்மா. நாங்கல்லாம் கைதட்டினோம். உங்க வீட்டு ஆளுங்களுக்குள்ள பேசித்தான் முடிவு பண்ணீங்கன்னு நெனச்சோம்" என்றான்.

கைதட்டினார்களாம். அப்போது நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். உன் ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டிருந்தேன்.

இவர் நெருப்புக்கு முன்னால் நின்று நின்று சம்பாதித்த நாற்காலி அது. இவர் எழுந்த சூடு ஆறுவதற்குள் உன் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். உட்காரட்டும். மனுஷனுக்கு ஆசை வரும், பயம் வரும், அதெல்லாம் எனக்குத் தெரியாதா? வரமுடியாது அக்கா, நாற்காலி கிடைத்திருக்கிறது, விட மனமில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு வாரம் திட்டிவிட்டு விட்டிருப்பேன். நீ என்ன எழுதினாய்? பாரம். பூரண சமாதானம். அவருடைய நேரம். நான் உன் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை அந்த நாலு பேருக்கு முன்னால் வாசித்து, "எங்க தங்கச்சி குடும்பம் வரணும்னு ஜெபிங்க" என்றேன். காது கேட்காத அண்ணன்கூடக் கண்ணை மூடினார். பூட்ஸ்காரி, முன்பின் தெரியாதவள், உன் இரைப்புக்காக உபவாசம் இருந்தாள். அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன், சொல்.

பொய் சொல்வதென்றால் உன் பெயரில் சொல்லக் கூடாதா? ஆண்டவரை ஏன் நடுவில் நிறுத்தினாய்?

உன் அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நொறுங்கிப் போய்விடுவார். அந்தச் சட்டையோடு அங்கே உட்கார்ந்திருக்கிறவரிடம் போய் எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டே மூன்று நாளாக வேலை செய்கிறேன்.

பதில் எழுதினால் நேராக எழுது.

•

செப்டம்பர் 15

அக்கா,

நேராக எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். வாசித்துவிட்டுக் கிழித்துவிட்டாலும் சரி.

ராஜினாமா கொடுக்க வேண்டாம் என்று சொன்னது இவர் இல்லை, நான். அன்றைக்கு அடுப்படியில் நின்று கேட்டோம் என்று எழுதியிருந்தாய். கேட்டோம், அவ்வளவுதான். கர்த்தர் அத்தானிடம் பேசினார் என்றார்கள். இவரிடமும் பேசினார் என்றார்கள். என்னிடம் யாரும் பேசவில்லை. அத்தானும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "உன் துணியை எல்லாம் இப்பவே பிரிச்சு வை, பழசைக் குடுத்துடு" என்றாய். எனக்குப் பள்ளிக்கூட ஆபீஸில் அந்த மாதம்தான் வேலை நிரந்தரமாகியிருந்தது. அதை உன்னிடம் சொல்ல வந்தவள், பழைய துணியைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சின்ன வயசிலிருந்து அப்படித்தான் அக்கா. நீ ரிப்பன் நிறம் சொல்வாய், நான் கட்டிக்கொள்வேன்.

அன்று இரவு இவரிடம் எனக்கு வர இஷ்டமில்லை என்றேன். இவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பார். அவருக்கும் இஷ்டமில்லை. மூத்த சகலை, அதுவும் தனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், கண்ணீரோடு ஜெபிக்கும்போது இவர் எப்படி இல்லை என்பார்? ஆமென் என்றுவிட்டார்.

இனி எழுதப் போவதை எழுதலாமா கூடாதா என்று நாலு நாளாக யோசித்தேன். அத்தான் நொறுங்கிப் போவார் என்று நீ எழுதாமல் இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அந்த வரியைத் தாண்ட என்னால் முடியவில்லை.

அத்தானுக்குத் தெரியும் அக்கா.

நீங்கள் சாமான் ஏற்றியதற்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் இவர் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நானும் கூட நின்றேன். அத்தான் கோபப்படவில்லை. தன் சைக்கிளின் பூட்டைத் திறந்தார். பிறகு சொன்னார்: "அவகிட்ட சொல்லாதீங்க. நீங்க வரலன்னா அவ வரமாட்டா. பேத்தியை விட்டுட்டு அவ வர்றதே உங்களை நம்பித்தான். நான் தனியாப் போக முடியாது. நீங்க ஜெபிச்சுட்டு இருக்கீங்கன்னு மட்டும் எழுதுங்க. கர்த்தர் உங்க மனசை மாத்துவாரு. அதுவரைக்கும் நான் காத்திருக்கேன்."

அவர் சொல்லித்தான் எழுதினேன் என்று தப்பித்துக்கொள்ளவில்லை. கை என்னுடையது. ஆனால் எனக்கு வசதியாகவும் இருந்தது. இல்லை என்று உன்னிடம் சொல்ல எனக்கு எப்போதுமே பயம்.

போர்மேன் வேலையை மேனேஜர் கொடுத்தார், இவர் வாங்கிக்கொண்டார். அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை.

தங்கச்சி

•

செப்டம்பர் 23

தங்கச்சிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தரம் வாசித்தேன். ரிப்பன் விஷயம் உண்மை. அதற்கு வேறொரு நாள் பதில் சொல்கிறேன், இப்போது எனக்கு அதற்கு இடமில்லை.

கடிதத்தை முன்னறைக்குக் கொண்டுபோய் இவர் மடியில் வைத்தேன். கண்ணாடி போட்டு வாசித்தார். நீ எழுதியது பொய் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த ஆசை இருந்தது.

"நான் பொய் சொல்லலையே" என்றார். "உங்கிட்ட நான் என்னிக்காவது தம்பி ராஜினாமா குடுத்துட்டான்னு சொன்னேனா? காத்திருப்போம்னுதானே சொன்னேன்."

"யாருக்காகக் காத்திருந்தீங்க?"

"கர்த்தருக்காக."

"இல்ல. தம்பி மனசு மாறட்டும்னு காத்திருந்தீங்க. அதுக்கு அவர் பேரை வாடகைக்கு எடுத்தீங்க."

கடிதத்தை மடித்தார். நான் விடவில்லை. தனியாகப் போக முடியாது என்று தம்பியிடம் சொன்னதை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது, நீ மட்டுமாவது கூட வா என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டுப் பார்க்கவே இல்லையே. "கேட்டா நீ வரமாட்டேன்னு சொல்லியிருப்பே" என்றார். இருக்கலாம். அது என் பதில். அதை அவர் எனக்குப் பதிலாகச் சொல்லிக்கொண்டு, என்னை லாரியில் பீரோவோடு ஏற்றிவிட்டார்.

உங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நான் ஒருத்திதான் உண்மையாகக் காத்திருந்தேன். பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். அதை நினைத்தால்தான் எரிகிறது. ஏமாந்தது கூட இல்லை, அவ்வளவு பக்தியாக ஏமாந்திருக்கிறேன்.

பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். ஏறுவது ஒன்றும் பெரிய காரியமில்லை, சுவருக்கு அந்தப் பக்கம்தான் பஸ். ஆனால் போகுமுன் இவரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். அந்த ஜனங்கள் உங்கள் பொய்க்காக முழங்கால் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, வரமாட்டார்கள் என்று எனக்கு முன்பே தெரியும் என்று அவர்களிடம் சொல்லுங்கள். சொன்னால் பெட்டியைப் பற்றிப் பேசலாம். அதுவரை கூட்டத்தில் உட்கார மாட்டேன், வாசற்படியில் பிள்ளைகளோடு இருப்பேன்.

"கர்த்தர் உணர்த்தினா சொல்றேன்" என்கிறார்.

நான் உணர்த்திக்கொண்டுதானே இருக்கிறேன்.

அக்கா

•

அக்டோபர் 7

அக்கா,

உன் கடிதத்தை இவர் வாசித்தார். வாசித்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ராஜினாமா எழுதிவிட்டார். திங்கட்கிழமை கொடுக்கிறேன், அடுத்த மாதம் அங்கே போய்விடுவோம், அண்ணியும் அண்ணனும் பிரிவதற்கு நான் காரணமாக இருக்கக் கூடாது என்று அழுகிறார். அவர் உன்னை அண்ணி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

எனக்கு வர இஷ்டமில்லை என்பதை இன்னொரு தடவையும் எழுதுகிறேன். எழுதப் பழகிக்கொள்கிறேன். ஆனால் நீ வா என்றால் வருவேன். இது பயத்தில் இல்லை. உனக்குச் செய்ததற்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பெட்டி இன்னும் கட்டித்தான் இருக்கிறதா?

தங்கச்சி

•

அக்டோபர் 19

தங்கச்சிக்கு,

வராதே. தம்பி அந்தக் கடுதாசியைக் கொடுத்திருந்தால் மேனேஜர் காலில் விழுந்தாவது திருப்பி வாங்கச் சொல். குற்றத்துக்குப் பயந்து ஓடிவருகிறவர் தபேலாவை என்ன தாளத்தில் வாசிப்பார்? ஏற்கெனவே ஒருத்தர் துணை தேடி அழைப்பு என்று சொல்லி வந்து உட்கார்ந்திருக்கிறார், அது போதும். நீ உன் ஆபீஸுக்குப் போ. இரைப்புக்கு மாத்திரை சாப்பிடு.

பெட்டி கட்டித்தான் இருந்தது. போன ஞாயிறு வரைக்கும். அதைச் சொல்கிறேன்.

அதற்கு முந்தின இரண்டு ஞாயிறும் இவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்தேன். மூன்றாவது ஞாயிறு பாட்டு முடிந்ததும் எழுந்து நின்றார். இருமினார். இதோ வருகிறது என்று நான் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

"ஒரு ஜெப விண்ணப்பம்" என்றார். "என் மனைவிக்காக ஜெபிங்க. அவங்க மனசுல ஒரு கசப்பு இருக்கு."

தங்கச்சி, நீ செய்ததை நான் பொறுத்தேன். சைக்கிள் பக்கத்தில் நின்று அவர் செய்ததையும் ஒரு வாரம் தூங்காமல் எப்படியோ முழுங்கினேன். இதை முழுங்க முடியவில்லை. அவர் பொய்க்கு அவர்கள் முழங்கால் போட்டது போதாதென்று, இப்போது என் கசப்புக்கும் போட வேண்டுமாம்.

உள்ளே போனேன். யாருடைய பிள்ளையோ என் கையைப் பிடித்தபடி கூட வந்தது. கத்தவில்லை. நான் கத்துவேன் என்றுதான் நீ நினைப்பாய். பெயர் சொல்லாமல், உறவைச் சொல்லி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். என் தங்கச்சி குடும்பம் வரப்போவதில்லை. வராது என்று நாங்கள் புறப்படுவதற்கு முன்பே இவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அதனால் உங்களை ஜெபிக்க வைத்தேன். உபவாசம் இருந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

பூட்ஸ்காரி கொஞ்ச நேரம் இவரைப் பார்த்தாள், பிறகு என்னை. "எங்க வீட்லயும் இப்படித்தான் புளுகுவான்" என்றாள். "ஆனா அவன் குடிச்சுட்டு. சாமியை இழுக்க மாட்டான்."

பின்னால் ஒருத்தி சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். காது கேட்காத அண்ணன் என்ன நடந்தது என்று கையால் கேட்டார், ஒருத்தரும் சொல்லவில்லை. பூட்ஸ்காரிதான் மறுபடியும், "அப்ப நீங்க ஊருக்குப் போயிடுவீங்களா? பிள்ளைங்களை என்ன பண்றது? மறுபடி டயருக்கு நடுவுல விடவா?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் யோசித்தது இதுதான். எனக்கு அழைப்பு வரவில்லை. இந்த ஊருக்கு வா என்று ஆண்டவர் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை, அதை நான் சத்தியம் செய்வேன். ஏமாற்றித்தான் கொண்டுவரப்பட்டேன். ஆனால் அந்த டிரைவர் ரிவர்ஸ் எடுத்தபோது சுவர் வழியாகக் கத்தினது நான்தானே. அதற்கு நான் யாருடைய சமாதானத்துக்கும் காத்திருக்கவில்லை. ஆண்டவர் எங்கே பேசினாரோ இல்லையோ, அங்கே பேசியிருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. இதை அவர்களிடம் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

"பிள்ளைங்களை நாளைக்கும் கொண்டுவாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். உன் அத்தானைப் பார்த்து, "இப்ப ஜெபம் பண்ணுங்க. கேக்கறோம்" என்றேன்.

அவர் கண்ணை மூடினார். உனக்குத் தெரியுமே, அவர் ஜெபம் தண்ணீர் மாதிரி ஓடும், நிறுத்த இன்னொருத்தர் ஆமென் சொல்ல வேண்டும். அன்றைக்கு "ஆண்டவரே, நான்" என்றார். அதற்கு மேல் வரவில்லை. மின்விசிறி சுற்றுகிறது, வெளியே பஸ் ஒன்று உறுமிவிட்டு அணைகிறது, அவர் நிற்கிறார். இரண்டாவது தரமும் "ஆண்டவரே, நான்" என்றார். நின்றுவிட்டது. சட்டை முதுகில் நனைந்துவிட்டது. முப்பது வருஷம் நெருப்பைப் பார்த்த மனுஷன் இப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை. அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுக்க எனக்கு நாக்கு துடித்தது. கொடுக்கவில்லை. யாரும் எழுந்து போகவில்லை. பிள்ளைகள்கூட, என்னமோ தெரியவில்லை, சத்தம் போடவில்லை. எல்லோரும் காத்திருந்தோம்.

வெகுநேரம் கழித்துச் சொன்னார். என்ன சொன்னார் என்று உனக்கு எழுத மாட்டேன். அது உன்னிடம் சொன்னதில்லை.

பெட்டியில் இருந்து என் சேலைகளை எடுத்துவிட்டேன். அவருடைய சாப்பாட்டை வைத்துவிட்டு நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன், அது இன்னும் மாறவில்லை, எப்போது மாறும் என்றும் தெரியாது. பள்ளி லீவுக்குப் பேத்தியை இங்கே அனுப்பச் சொல்லி மகளுக்கு எழுதியிருக்கிறேன். உன்னைக் கூட்டிவரச் சொல்லவில்லை. உன் மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை, அதை மறைத்து நான் ஸ்தோத்திரம் போட மாட்டேன்.

ஆனால் எழுது. நேராக எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது, நான் தாங்குவேன்.

அக்கா